புதுக் கடவுச்சொல் வைத்த பிறகும் லினக்ஸ் ஏன் பழையதைக் கேட்கிறது?

"தம்பி, லேப்டாப்புக்குள்ளே யாரோ புகுந்துட்டாங்க போலிருக்கு."

காவடிக்குக் கொடியேற்றிய மறுநாள், எங்கள் கோவில் தமிழ் வகுப்புக்குப் புதிதாக வந்த மிஸ் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். (மொரிசியஸில் ஆசிரியை என்றால் மிஸ்தான். பேரன் பேத்தி எடுத்தவரானாலும் மிஸ்.) விரதம் தொடங்கிவிட்டது, காவடி எடுப்பவர்களின் பட்டியல் அந்த லேப்டாப்பில் இருக்கிறது, இந்த நேரத்தில் யாராவது உள்ளே புகுந்தால் என்ன ஆவது? உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

யாரும் புகவில்லை. நடந்தது இவ்வளவுதான். முன்பிருந்த மிஸ், மகளோடு இருக்கப் பக்கத்துத் தீவான ரெயூனியனுக்குப் போய்விட்டார். அவர் பயன்படுத்திய உபுண்டு (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸில் ஒரு வகை) கணக்கையே புது மிஸ்ஸுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்து, நான் அட்மின் கணக்கிலிருந்து அதன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். புதுக் கடவுச்சொல்லைப் போட்டால் கணினி ஒழுங்காக உள்ளே விடுகிறது. ஆனால் குரோமைத் திறந்ததும் திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் இப்போது உங்கள் 'லாகின் கீரிங்' கடவுச்சொல்லோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்கிறது. புதியதைக் கொடுத்தால் தவறு என்கிறது. பெட்டியை மூடினால், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது.

"அப்போ பழைய பாஸ்வேர்டு இன்னும் எங்கேயோ உள்ளே இருக்கு, அதானே?" என்று மிஸ் கேட்டார்.

நல்ல கேள்வி. ஆனால் பழைய கடவுச்சொல் அந்தக் கணினியில் எங்குமே எழுதி வைக்கப்படவில்லை. புதியதும் அப்படித்தான். எங்கும் இல்லாத ஒன்றை அது எப்படிக் கேட்கிறது? இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

மிஸ்ஸுக்குக் கோவிலை வைத்தே சொன்னேன். வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். அடையாளச் சொல்லைச் சரியாகச் சொன்னால் உள்ளே விடுவார். உள்ளே அம்மன் நகைப் பெட்டி. அதில் எழுத்துப் பூட்டு. சரியான எழுத்துகளைச் சுழற்றி வைத்தால்தான் திறக்கும். வசதிக்காக வாசலுக்கும் பெட்டிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். வாசலில் சொல்லை வாங்கிக்கொண்டு ஒரு பையன் ஓடிப்போய்ப் பெட்டியையும் திறந்து வைத்துவிடுவான். இப்படியே பல வருடம் போனதால், இரண்டு பூட்டு இருப்பதே யாருக்கும் நினைவில்லை. ஒருநாள் கோவில் தலைவர் காவலாளியிடம் வந்து, "இன்றிலிருந்து சொல் இது" என்று மாற்றிவிட்டுப் போகிறார். காவலாளி தலைவர் பேச்சைக் கேட்பார். பெட்டி கேட்குமா? அது யாருடைய உத்தரவையும் கேட்காத இரும்பு. பையன் புதுச் சொல்லோடு ஓடுகிறான், பெட்டி திறக்கவில்லை, வெறுங்கையோடு வந்து நிற்கிறான்.

மிஸ் திரையில் பார்த்த பெட்டி, அந்தப் பையன் வெறுங்கையோடு வந்து நிற்பதுதான். தலைவர் நான்.

இப்போது லினக்ஸுக்கு வருவோம். உள்நுழைவுக் கடவுச்சொல்லை வைத்து நடப்பது வெறும் ஒப்பிடல். நீங்கள் கடவுச்சொல் வைக்கும்போது, அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வெளியே வரும் நீளமான எழுத்துக் கோவையை மட்டும் ஷேடோ என்ற கோப்பில் எழுதி வைக்கிறார்கள். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாதது போல, அந்தக் கோவையிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. அரைக்கும் முறைக்குப் பெயர் ஹாஷ். உபுண்டு 22.04 முதல் இதற்கு யெஸ்கிரிப்ட் என்ற முறை, அதற்கு முந்தைய பதிப்புகளில் எஸ்ஹெச்ஏ-512. அடுத்த முறை நீங்கள் நுழையும்போது தட்டியதையும் அதே கணக்கில் அரைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே போகலாம். அட்மின் அதிகாரம் உள்ளவர் கடவுச்சொல்லை மாற்றும்போது செய்வது, அந்தக் கோப்பில் பழைய கோவையை அழித்துப் புதியதை எழுதுவது. அவ்வளவுதான். பழைய கடவுச்சொல் அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

கீரிங், அதாவது சாவிக்கொத்து, முற்றிலும் வேறு ரகம். அது உங்கள் வீட்டு அடைவுக்குள் (உங்கள் கோப்புகளெல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டர்) இருக்கும் ஒரு கோப்பு. மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல், ஆன்லைன் கணக்குகளின் அனுமதிச் சீட்டுகள், சில வைஃபை கடவுச்சொற்கள், குரோம் தன் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் சாவி என்று பலதும் அதற்குள் கிடக்கும். இந்தக் கோப்பில் இருக்கும் ரகசியங்கள் ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டவை. மறையாக்கத்துக்கான சாவி உங்கள் கடவுச்சொல்லிலிருந்தே பிறக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் காவலாளி இங்கே கிடையாது. சரியான சொல் இருந்தால் கோப்பு படிக்கக்கூடியதாக மாறும். இல்லாவிட்டால் அது குப்பை எழுத்து. அட்மினுக்கும் குப்பைதான்.

ஆகவே அந்தப் பெட்டி பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. பழைய சொல்லால் பூட்டிய கோப்பு அப்படியே பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவே. மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது, "அப்போ பெட்டி என் மேலே கோபமா இல்லை, அதுக்கு என்னையே தெரியாது" என்றார். அதேதான்.

கதையில் வந்த பையனுக்கும் ஒரு பெயர் உண்டு: பேம். உள்நுழைவு தொடர்பான வேலைகளைத் தனித்தனிச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் செருகிக்கொள்ளும் ஏற்பாடு அது. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்தவர்கள் முன்மொழிந்தார்கள், இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. உபுண்டுவின் திரைமுகப்பான க்னோமின் கீரிங்குக்கும் பேமில் ஒரு துண்டு உண்டு. நீங்கள் உள்ளே நுழையக் கடவுச்சொல் தட்டும்போது, இந்தத் துண்டு அதை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கீரிங்கைத் திறந்து வைக்கும். அதனால்தான் சாதாரண நாட்களில் கீரிங் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

இதே துண்டு இன்னொரு வேலையும் செய்யும். நீங்களே உங்கள் கணக்கில் இருந்துகொண்டு, அமைப்புகளில் பயனர் பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றினால், முதலில் பழையதைக் கேட்பார்கள், அப்புறம் புதியது. அப்போது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் பேமின் கையில் இருக்கின்றன. பழையதால் கீரிங்கைத் திறந்து, புதியதால் பூட்டிவிடும். இரண்டும் சேர்ந்தே மாறும், சிக்கல் வராது. நான் செய்தது அப்படியில்லை. அட்மின் கணக்கிலிருந்து மாற்றினேன், பழையதை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கடவுச்சொல் மறந்துபோய் ரிக்கவரி முறையில் கணினியைத் துவக்கி மாற்றுகிறவர்களுக்கும் இதே கதிதான். ஆர்ச் போன்ற சில லினக்ஸ்களில், டெர்மினலில் கட்டளை கொடுத்துக் கடவுச்சொல் மாற்றும்போது கீரிங்கும் மாற வேண்டுமானால், அந்தத் துண்டை நாமே பேமின் அமைப்புக் கோப்பில் சேர்த்தாக வேண்டும்.

சரி, தீர்வு. பழைய கடவுச்சொல் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. உபுண்டுவில் 'கடவுச்சொற்களும் சாவிகளும்' என்ற பொருளில் ஒரு செயலி இருக்கும். அதன் உள்பெயர் சீஹார்ஸ், கடல்குதிரை. (யார் வைத்த பெயரோ, எனக்குப் பிடித்திருக்கிறது.) இல்லையென்றால் மென்பொருள் கடையில் அந்தப் பெயரைத் தேடி நிறுவிக்கொள்ளலாம். திறந்தால் இடப்பக்கம் 'லாகின்' என்று ஒரு கீரிங் தெரியும். அதன்மேல் வலது சொடுக்கு, கடவுச்சொல்லை மாற்று. முதலில் பழையது, பிறகு புதியது இரண்டு முறை. புதியது என்று இங்கே கொடுப்பது, இப்போது கணினிக்குள் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முறை வெளியேறி உள்ளே வந்தால், பெட்டி வராது.

சீஹார்ஸைத் தொட விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு சுற்றுவழி உண்டு. அட்மின் கணக்கிலிருந்து உள்நுழைவுக் கடவுச்சொல்லைப் பழையதாகவே மாற்றிவிடுங்கள். அதைப் போட்டு உள்ளே வந்தால் கீரிங் தானாகத் திறக்கும். அப்புறம் உங்கள் கணக்கின் அமைப்புகளில் முறையாகப் புதியதுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பழைய கடவுச்சொல் தெரியாது. முன்பிருந்த மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தோம். ரெயூனியனுக்கும் நமக்கும் கடிகாரத்தில் வித்தியாசமே இல்லை என்பதால் தூக்கத்தைக் கலைத்திருப்போமோ என்ற கவலை இல்லை. அவர் யோசிக்கவே இல்லை, டக்கென்று சொன்னார். ஆங்கில எழுத்தில் 'காவடி', பின்னால் ஒரு வருடம். கோவிலில் இருக்கும் கணினிக்கு இந்தக் கடவுச்சொல்! அர்ச்சனைத் தட்டோடு வருகிறவர்கூட மூன்றாவது முயற்சியில் கண்டுபிடித்துவிடுவார். அது வேறு பேச்சு.

தட்டினோம். தவறு என்றது. மீண்டும் நிதானமாகத் தட்டினோம். மீண்டும் தவறு. போனில் அவர், "அதுதான், அதேதான்" என்று சத்தியம் செய்கிறார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு விசைப்பலகையைக் குனிந்து பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த லேப்டாப் பிரான்ஸிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கோவிலுக்குக் கொடுத்தது. அதன் விசைகள் அசெர்ட்டி வரிசையில் இருக்கின்றன. முன்பிருந்த மிஸ் பிரெஞ்சு விசை அமைப்பிலேயே பயன்படுத்தியிருக்கிறார். புது மிஸ்ஸுக்கு ஆங்கில வரிசைதான் பழக்கம் என்று நான் அமைப்பை ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தேன். விசையின்மேல் ஏ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் ஆங்கில அமைப்பு க்யூ தரும். 'காவடி'யில் ஏ இரண்டு முறை வருகிறதே! எண்களும் அப்படியே. பிரெஞ்சு வரிசையில் மேல்வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டும், ஆங்கிலத்தில் அழுத்தினால் குறியீடுதான் வரும். நாங்கள் கொடுத்தது கடவுச்சொல்லே இல்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், நம் தீவில் சிலர் வீட்டிலாவது இப்படி ஒரு பிரெஞ்சு விசைப்பலகை இருக்கும். உள்நுழைவுத் திரையில் ஒரு விசை அமைப்பும் உள்ளே வேறொன்றும் இருப்பதும் சகஜம். கடவுச்சொல் தவறு என்று வந்தால், அந்தக் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தி, உண்மையில் எந்த எழுத்துகள் விழுகின்றன என்று ஒருமுறை பாருங்கள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

பழைய கடவுச்சொல் யாருக்குமே நினைவில்லை என்றால்? அந்தக் கீரிங் போனது போனதுதான். திறக்க வேறு வழி இல்லை, அட்மினாலும் முடியாது. அதன் பயனே அதுதானே. ஆனால் புதியதாக ஒன்று தொடங்கலாம். கோப்பு உலாவியில் வீட்டு அடைவைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு எச் அழுத்தினால் மறைந்திருக்கும் அடைவுகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் கீரிங்ஸ். அங்கே லாகின் என்ற பெயரில் இருக்கும் கீரிங் கோப்பை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். என்றாவது நள்ளிரவில் பழைய கடவுச்சொல் நினைவுக்கு வரலாம். வெளியேறி மீண்டும் நுழைந்தால், இப்போதைய கடவுச்சொல்லில் காலியான புதுக் கீரிங் பிறக்கும்.

இதைச் செய்யும் முன் குரோமைப் பற்றி ஒரு நிமிடம் யோசியுங்கள். குரோம் தான் சேமித்த வலைத்தளக் கடவுச்சொற்களைப் பூட்டும் சாவியைக் கீரிங்கில்தான் வைக்கிறது. குரோமைத் திறந்தவுடன் மிஸ்ஸுக்குப் பெட்டி வந்ததும் அதனால்தான். கீரிங் போனால் அந்தச் சாவியும் போகும், குரோம் சேமித்தவற்றை அந்தக் கணினியில் படிக்க முடியாமல் போகும். கூகுள் கணக்கோடு ஒத்திசைவு செய்திருந்தால் திரும்ப இறங்கிவிடும், இல்லாவிட்டால் இழப்புதான். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது தன் கடவுச்சொற்களைத் தன் கோப்புகளிலேயே வைத்துக்கொள்கிறது.

இணையத்தில் தேடினால் இன்னொரு 'தீர்வு' கிடைக்கும்: கீரிங்குக்குக் கடவுச்சொல்லே வைக்காமல் காலியாக விட்டுவிடு, பிறகு பெட்டியே வராது. உண்மைதான், வராது. ஆனால் அப்போது உள்ளே இருப்பது மறையாக்கம் இல்லாமல் அப்படியே கிடக்கும், அந்தக் கோப்பைத் திறக்க முடிந்த எவரும் படிக்கலாம். வீட்டை விட்டு நகராத மேசைக் கணினியில் வேண்டுமானால் செய்யலாம். பேருந்தில் ரோஸ் ஹில்லுக்கும் போர்ட் லூயிஸுக்கும் போய்வரும் லேப்டாப்பில் நான் செய்யமாட்டேன்.

கடவுச்சொல்லே மாற்றாமலும் இந்தப் பெட்டி வருகிறது என்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் தானியங்கி உள்நுழைவை வைத்திருப்பார்கள், அல்லது விரல்ரேகையால் நுழைவார்கள். வாசலில் சொல்லே சொல்லவில்லை என்றால் பையன் எதை எடுத்துக்கொண்டு ஓடுவான்? அவர்களுக்குப் பெட்டி கேட்பது பழைய கடவுச்சொல்லை இல்லை, வழக்கமான கடவுச்சொல்லைத்தான்.

க்னோம் இல்லாமல் கேடிஇ வைத்திருந்தால் கீரிங்குக்குப் பதில் கேவாலட் என்று ஒரு பணப்பை இருக்கும். தத்துவம் அதேதான். உள்நுழைவுக் கடவுச்சொல்லை மாற்றினால், வாலட் மேனேஜர் செயலியில் போய் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய கடவுச்சொல்லைக் கேட்கும் எல்லாமே கீரிங் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினி துவங்கும்போதே, உள்நுழைவுத் திரைக்கும் முன்னால் ஒரு கடவுச்சொல் கேட்டால் அது வட்டு மறையாக்கம், லக்ஸ். நிறுவும்போது இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருந்தால் ஒன்றுதான் என்று தோன்றும், ஆனால் தொடர்பே கிடையாது. டிஸ்க்ஸ் செயலியில் அந்தப் பகுதியைத் தேர்ந்து தனியாக மாற்ற வேண்டும். தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிக்கு வைத்த கடவுத்தொடரும், சம்பாவில் கோப்புப் பகிர வைத்த கடவுச்சொல்லும் தனித்தனி. ஆனால் டெர்மினலில் அட்மின் அதிகாரத்தோடு கட்டளை கொடுக்க உதவும் சூடோ கேட்பது உள்நுழைவுக் கடவுச்சொல்லையேதான், அங்கே புதியதைக் கொடுக்க வேண்டும். பழைய உபுண்டுவில் நிறுவும்போது வீட்டு அடைவை மட்டும் மறையாக்கம் செய்யும் வசதி இருந்தது, 18.04-இல் எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பழைய கணினி இன்னும் யாரிடமாவது இருந்தால், அட்மினாகக் கடவுச்சொல்லை மாற்றவே மாற்றாதீர்கள். அங்கே பூட்டிக்கொள்வது கீரிங் மட்டும் இல்லை, உங்கள் கோப்புகள் அத்தனையும்.

விசை அமைப்பைப் பிரெஞ்சுக்கு மாற்றி, ரெயூனியனிலிருந்து வந்த சொல்லைத் தட்டினோம். சீஹார்ஸ் ஏற்றுக்கொண்டது. அமைப்பைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, கீரிங்கை நான் வைத்துக் கொடுத்த கடவுச்சொல்லுக்கு மாற்றினேன். பிறகு உள்ளே இருந்த முன்னாள் மிஸ்ஸின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை அவர் போனில் இருக்கும்போதே நீக்கினேன். உண்மையில் புது மிஸ்ஸுக்கு நான் முதலிலேயே புதுக் கணக்கு போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், ஒருவருடைய சாவிக்கொத்தை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கவே கூடாது.

கடைசியாக, உங்களுக்குப் பிடித்த கடவுச்சொல்லை நீங்களே அமைப்புகளில் போய் வையுங்கள் என்றேன். மிஸ் என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வெளியேறி உள்ளே வந்து குரோமைத் திறந்தார். பெட்டி வரவில்லை. காவடிப் பட்டியலில் யாரோ ஒரே பையன் பெயரை இரண்டு முறை எழுதியிருந்தார்கள், அதைத் திருத்த உட்கார்ந்துவிட்டார்.